கையும் காலும்

கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய் 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி தானே மூழ்கி மாண்ட கார்ல் ஷ்மிட் என்னும் டென்மார்க் மாலுமியின் ஞாபகார்த்தமாகப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபத்தின் நிழல், சூரியன் கடலைவிட்டு ஒரு முழம் எழும்பிய வேளையில் மேற்கே வெகுதூரம் நீண்டு கிடக்கும். அந்த நிழலின் ஓரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாக நிற்பதையும், கழுத்தில் துண்டும் வாயில் விசிலுமாக ஒருவர் அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவதையும், காலை நடைக்கு வருகிற ஓய்வூதியக்காரர்களாகிய நாங்கள் சிறிது காலமாகப் பார்த்து வருகிறோம். ஈர மணலில் குதிகாலால் ஒரு சதுரம் கிழித்திருப்பார். அதுதான் அவர்களுடைய மேடை. நாங்கள் எல்லாரும் பிள்ளைகள் கையை வீசுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவரோ, நான் கவனித்த மட்டில், கையைப் பார்த்ததே இல்லை. இடுப்பில் கையூன்றிக் குனிந்து, மணலில் பதிந்துபோன காலடிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடத்துக்கும் மறு தடத்துக்கும் இடையே சாண் போட்டு அளந்ததையும் ஒருநாள் கண்டேன்.

குத்துச்சண்டை என்றால் கைச்சண்டை என்றே ஆயுசு முழுவதும் எண்ணி வந்தவனுக்கு, அதைக் கற்பிக்கிறவர் காலைத் தவிர வேறொன்றையும் லட்சியம் செய்வதில்லை என்பது விசித்திரமாகப் பட்டது. அவர் யாரிடம் கற்றவர் என்று கேட்டேன். ராயபுரத்துப் பக்கம் ஒரு வாத்தியாரிடம் என்றும், தம்முடையது இன்ன பரம்பரை என்றும், ஒரு சங்கீத வித்வான் தம் குருநாதர் பெயரைச் சொல்லும்போது குரலில் தொனிக்கும் அதே அடக்கத்தோடும் அதே கர்வத்தோடும் பதில் சொன்னார்.

பரம்பரை என்ற சொல் காதில் விழுந்தால் அடையாறு, மயிலாப்பூர்வாசிகளுக்குச் சங்கீதந்தான் ஞாபகத்துக்கு வரும். தியாகையரிடத்திலிருந்து கிளைத்த வாலாஜாபேட்டைப் பரம்பரை, உமையாள்புரம் பரம்பரை, தில்லைஸ்தானம் பரம்பரை என்று மார்கழி மாதத்தில் சபா வாசலில் காபி குடித்துக்கொண்டே கணக்குச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பேட்டையில் தெருவுக்கு இருவர் இருப்பார்கள். அதே நகரத்தில், கூவத்துக்கு வடக்கே, அதே சொல்லை அதே பொருளில், அதாவது இரத்தத்தால் வருவதன்று, ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கு இறங்கி வருவது என்ற பொருளில், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், காசிமேட்டில் வலை இழுத்தவர்களும், பெரம்பூர் ரயில்வே பணிமனையிலும் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையிலும் உழைத்தவர்களும் இரண்டு மூன்று தலைமுறையாக வழங்கி வந்திருக்கிறார்கள் என்பதை எங்களில் பெரும்பாலோர் சமீபகாலம் வரையில் அறியவேயில்லை. பத்து மைல் தூரத்துக்குள் இவ்வளவு அறியாமை சாத்தியமா என்று வெளியூரார் கேட்கலாம். சென்னையில் எல்லாம் சாத்தியம்.

வடசென்னைப் பரம்பரைகளில் பிரசித்தமானவை சார்பட்டாப் பரம்பரையும் இடியாப்ப நாயக்கர் பரம்பரையும். எல்லப்ப செட்டியார் பரம்பரை முதலாக வேறு சிலவும் உண்டு. சார்பட்டா என்பதற்கு ஹிந்துஸ்தானி வழியாக 'நான்கு கத்தி' என்று பொருள் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையாயினும், இந்தப் பேட்டைகளில் கையுறை வருவதற்கு முன்பே கத்தியும் கம்பும் பழகிவந்த ஆசான்கள் இருந்திருப்பார்கள் என்பதற்கு அந்தப் பெயர் ஒரு தடயமாக நிற்கலாம். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமிருந்தும், துறைமுகத்தில் இறங்கிய கப்பற்காரர்களிடமிருந்தும், ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலோ-இந்தியர்களிடமிருந்தும் இந்த வித்தை இங்கே இறங்கிற்று. கல்கத்தாவில் இதைப் பரப்பியவர் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய பரேஷ் லால் ராய். அங்கே அது கல்லூரி வழியாக வந்த சீமான்கள் கலை. சென்னையில் அது கப்பற்பாலத்து வழியாக வந்தது. ஆகையால் கையில் தழும்பு உள்ளவர்களிடமே தங்கிற்று. பல ஜாதியாரும், ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், ஒரே வாத்தியார் காலில் விழுந்து ஒரே பரம்பரைக்காரர்கள் ஆனார்கள் என்பது, அந்தக் காலத்து மயிலாப்பூர்ச் சபாக்களைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு பெருமை.

சண்டைக்கு முன்னால் சுவர்களில் 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று விளம்பரம் ஒட்டுவார்கள். இந்த மூன்று சொற்களை நான் பலமுறை யோசித்துப் பார்த்ததுண்டு. 'ஆங்கில' என்பது வித்தையின் பிறப்பிடம். 'குத்துச்சண்டை' என்பது வித்தையின் பெயர். ஆனால் ஜனங்களைச் சண்டை நடந்த கண்ணப்பர் திடலுக்கு இழுத்து வந்தது முதற்சொல்தான். ரோஷம் என்பது இரண்டு ஆட்களுக்கு இடையே இருந்ததன்று, இரண்டு பேட்டைகளுக்கு இடையே, இரண்டு ஆசான்களின் பெயர்களுக்கு இடையே இருந்தது. அதில் அரசியலும் கலந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கித்தேரி முத்து என்னும் வீரர், வெல்ல முடியாதவர் என்று பெயரெடுத்திருந்த நாட் டெர்ரி என்பவரை வீழ்த்தினார் என்றும், அதைக் கேட்டு மகிழ்ந்த பெரியார் அவருக்குத் 'திராவிட வீரன்' என்று பட்டம் அளித்தார் என்றும் வடசென்னை முதியவர்கள் இன்றும் சொல்லிவருகிறார்கள்.

அந்நிய வித்தை என்று சுவரொட்டியே ஒப்புக்கொண்டாலும், இருவர் மோதுவதைச் சுற்றி நின்று ஊரே இரண்டாகப் பிரிவது நமக்கு அந்நியமன்று. புறநானூற்றில் ஆமூர் மல்லனோடு பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவரசனைப் பற்றி அடுத்தடுத்து ஆறு பாடல்கள் இருக்கின்றன. மூன்று சாத்தந்தையார் பாடியவை. மூன்று, அவனைக் காதலித்த நக்கண்ணையார் பாடியவை. வெற்றி இவனுக்கே என்று ஒரு சாராரும், இல்லை என்று மறு சாராரும் வாதாடிக்கொண்டிருக்க, சிலம்பொலிக்க ஓடிவந்து தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வெல்வதைத் தானே பார்த்ததாக அந்தப் பெண் சொல்கிறாள். அவன் அந்த ஊரான் அல்லன், அதனால்தான் ஊர் இரண்டுபட்டது என்றும் காரணம் சொல்கிறாள். பரம்பரைச் சண்டையின் ரசிகர் கூட்டத்துக்கு இதைவிடப் பழைய சாட்சியம் நான் அறியேன்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்த பாடல் சாத்தந்தையாருடையது. மல்லன் ஒருவனை வீழ்த்திய வீரத்தைச் சொல்லவந்த புலவர் யானையையும் மலையையும் தேடிப்போவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இந்தப் பாட்டில் அவர் தேடிப்போனது ஓர் ஊசியை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, மழை பெய்துகொண்டிருக்கிறது, பொழுது சாய்கிறது, இவ்வளவு அவசரங்களுக்கு நடுவில் கட்டிலுக்கு வார் பின்னி முடிக்கவேண்டிய தொழிலாளியின் கையில் ஊசி எவ்வளவு வேகமாக ஓடுமோ, அவ்வளவு விரைவாக நடந்ததாம் அந்தப் போர். மற்போரில் பலத்தை யாரும் பார்த்துவிடலாம். வேகத்தைப் பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும். அந்தக் கண் நம்மவரிடம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பெசன்ட் நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் வருகிற மாமல்லபுரமும், 'பெருமல்லன்' என்று பட்டம் தரித்த முதலாம் நரசிம்மவர்மனுடைய பெயரைத் தாங்கி நிற்பதுதான். ஆனால் அந்தப் பல்லவன் பலத்தால் வென்றானா, வேகத்தால் வென்றானா என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

பலத்துக்கும் வேகத்துக்கும் உள்ள வழக்கு, முஷ்டியுத்தத்துக்குச் சட்டதிட்டம் ஏற்பட்ட பிறகுதான் உண்மையில் ஆரம்பிக்கிறது. 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும், மூன்று நிமிஷச் சுற்றையும், ஒரு நிமிஷ ஓய்வையும், விழுந்தவனுக்குப் பத்து எண்ணும் வழக்கத்தையும் கொண்டுவந்தன. அவற்றை எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் என்பவர். பெயர் மட்டும் ஆதரவளித்த குவீன்ஸ்பெரி பிரபுவுக்குப் போயிற்று, உலகில் பல காரியங்கள் நடக்கிற விதமாகவே. அதற்கு முன்னால் வெறுங்கையால் அடித்துக்கொண்ட காலத்தில் ஒருவன் விழுந்தால்தான் சுற்று முடியும். 1889-இல் அமெரிக்காவின் ஜான் சல்லிவன், ஜேக் கில்ரெய்னோடு இவ்விதம் எழுபத்தைந்து சுற்று சண்டையிட்டார். அந்த முறையில் தாங்குகிறவனே ஜயிப்பான். மூன்று நிமிஷம் என்று அளவு வந்த பிறகு, அடிபடாமல் மூன்று நிமிஷத்தைக் கடத்துவதும் ஒரு வித்தை ஆயிற்று. அதாவது காலுக்கு வேலை வந்தது.

இந்த இடத்தில் ஒரு சூட்சுமத்தைச் சொல்லியாகவேண்டும். பலமான குத்து கையில் பிறப்பதில்லை. பின்னங்காலின் பாதம் தரையை உந்த, அந்த உந்துதல் முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறி, இடுப்பு திரும்ப, தோள் அதைத் தொடர, கடைசியில்தான் முஷ்டி போகிறது. கை வெறும் தூதன். ஆகவே பலசாலிக்கும் கால் வேண்டும். ஆனால் அவனுக்குக் கால் ஊன்றி நிற்கவேண்டும், ஒரு கணமாவது வேர் பிடிக்கவேண்டும். வேகக்காரனுடைய காலோ ஊன்றவே கூடாது. குத்து வந்து சேருகிற இடத்தில் அவன் இருக்கக்கூடாது என்பதே அவன் சாஸ்திரம். ஒருவன் மேடையைச் சுருக்கப் பார்ப்பான், மூலைக்குத் தள்ளி வழியை அடைப்பான். மற்றவன் அதே மேடையை விஸ்தாரமாக்கப் பார்ப்பான், பக்கவாட்டில் நழுவி மையத்துக்கு வருவான். மேடையின் நீள அகலத்தைப் பற்றிப் போட்டிக்கு முன்னால் இரு தரப்பாரும் பேரம் பேசுவதன் ரகசியம் இதுவே. கலாக்ஷேத்திரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே பரதநாட்டியத்தைத் தட்டடவில் ஆரம்பிக்கும் பெண்குழந்தை, முதற்காலத்தில் பாதம் முழுவதையும் தரையில் அறைந்து பழகி, பிறகுதான் இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று போகிறாள். பலசாலி முதற்காலத்தில் சண்டையிடுகிறவன். அவனை மூன்றாங்காலத்துக்கு இழுத்துவிட்டால் மூச்சு வாங்கும். ஆனால் மூன்றாங்காலத்தில் ஆடிக்கொண்டே இருப்பவனுக்கு ஒரு தடவை தாளம் தப்பினால் போதும், முதற்காலம் வந்து தலையில் இறங்கும்.

சல்லிவனுக்குத் தாளம் தப்பியது 1892 செப்டம்பர் 7-ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரில். கையுறை அணிந்து குவீன்ஸ்பெரி விதிப்படி நடந்த அந்தக் கனரக உலகப் பட்டப் போட்டியில் அவரை எதிர்த்தவர், சான் பிரான்ஸிஸ்கோவில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த ஜேம்ஸ் கார்பெட். குமாஸ்தா அடிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. அவரும் ஆரம்பத்தில் அதிகமாக அடிக்கவில்லை, அகப்படாமல் இருந்தார். மூன்று வருஷமாகப் பட்டத்துக்காக மேடையேறாமல் உடல் கனத்துப்போயிருந்த சல்லிவன் காற்றைக் குத்திக் குத்திச் சலித்து, இருபத்தோராவது சுற்றில் விழுந்தார்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து ஜாக் டெம்ப்ஸி, ஜீன் டன்னி வழக்கும் இதே ரகம். டெம்ப்ஸி கையில் இடி. டன்னி கணக்குப் போட்டு நகர்கிறவர். 1926-இல் தோற்ற டெம்ப்ஸி, 1927 செப்டம்பர் 22-ஆம் தேதி சிகாகோவில் மறுபடி மோதியபோது, ஏழாவது சுற்றில் டன்னியை வீழ்த்தியே விட்டார். ஆனால் வீழ்த்தியவன் தூரத்து நடுநிலை மூலைக்குப் போய் நின்ற பிறகே எண்ணத் தொடங்கவேண்டும் என்பது விதி. உணர்ச்சிவசப்பட்ட டெம்ப்ஸி அங்கேயே நின்றுவிட்டார். நடுவர் அவரை அனுப்பிவிட்டு எண்ணத் தொடங்கி ஒன்பது சொல்வதற்குள், விழுந்தவருக்குப் பதின்மூன்று பதினான்கு விநாடி கிடைத்துவிட்டது. எழுந்த டன்னி மிச்சச் சுற்றைப் பின்வாங்கியே ஓட்டி, பத்துச் சுற்று முடிவில் ஜயித்தார். ஜயித்தது கால்தான், டெம்ப்ஸியைத் தோற்கடித்ததுங்கூட அவருடைய சொந்தக் கால்தான், போகவேண்டிய மூலைக்குப் போகாமல் நின்ற கால்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமானது 1941 ஜூன் 18-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்தது. உலகப் பட்டம் வைத்திருந்த ஜோ லூயிஸ் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பவுண்டு. எதிர்த்து வந்த பில்லி கான் அவரைவிட இருபத்தைந்து பவுண்டு இளைத்தவர். லூயிஸிடம் ஒரு குத்து வாங்கினால் அந்த இரவு முடிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கான் அந்த ஒரு குத்தை வாங்காமல் பன்னிரண்டு சுற்றுகளைக் கடத்தினார். பன்னிரண்டாவது சுற்றில் லூயிஸே தள்ளாடினார். மதிப்பெண் போட்ட மூவரில் இருவர் கானை முன்னால் வைத்திருந்தார்கள். மூன்றாமவர் சமம் என்று வைத்திருந்தார். இன்னும் மூன்று சுற்று, ஒன்பது நிமிஷம், இதுவரை செய்ததையே செய்துகொண்டிருந்தால் உலகப் பட்டம். கானோ, அந்த மாபெரும் பலசாலியைத் தாமே வீழ்த்திவிடலாம் என்று நினைத்து, பதின்மூன்றாவது சுற்றில் ஓடுவதை நிறுத்தி, காலை ஊன்றி அடிக்கப் புகுந்தார். சுற்று முடிய இரண்டே விநாடி இருக்கும்போது அவர் எண்ணி முடிக்கப்பட்டார். வேகத்தால் வென்றுகொண்டிருந்தவனுக்குப் பலத்தின்மேல் ஆசை வந்த கதை இது. இதைக் கோழைத்தனத்துக்கு எதிரான வீரம் என்று சிலர் மெச்சுவார்கள். எனக்கு அது ரோஷமாகவே தோன்றுகிறது, நம் சுவரொட்டி சொல்லும் அதே ரோஷம்.

ஓடும் கால், நின்ற கால் இந்த இரண்டையும் ஒரே ஜன்மத்தில் அநுபவித்தவர் முகம்மது அலி. 1964 பிப்ரவரி 25-ஆம் தேதி மயாமி பீச் நகரில், காஷியஸ் கிளே என்ற பெயரோடு, இருபத்திரண்டு வயதில், ஸன்னி லிஸ்டன் என்னும் முரட்டுப் பலசாலிக்கு எதிரே அவர் நின்றபோது, பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஏழு என்று லிஸ்டன் பக்கம் இருந்தார்கள். கனரகக்காரன் ஒருவன் இவ்வளவு லகுவாகச் சுழன்று வரக்கூடும் என்பதை உலகம் அன்று பார்த்தது. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு வியட்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்ததற்காகப் பட்டம் பறிபோய், 1967-லிருந்து மூன்றரை வருஷம் மேடையேற முடியாமல் இருந்தார். ஒரு வேகக்காரனிடமிருந்து அபகரிக்கக்கூடிய மிகப்பெரிய சொத்து இருபத்தைந்து வயதுக்கும் இருபத்தெட்டு வயதுக்கும் இடைப்பட்ட கால்கள். சர்க்கார் அதைத்தான் எடுத்துக்கொண்டது. திரும்பி வந்த அலி, 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேஸியரின் இடக்கைக் குத்தில் பதினைந்தாவது சுற்றில் மல்லாந்து விழுந்தார். மூன்று வருஷம் கழித்து, அந்த ஃபிரேஸியரையே இரண்டு சுற்றுக்குள் ஆறு தடவை வீழ்த்தியவரும், அதுவரை நாற்பது போட்டியிலும் தோல்வி காணாதவருமான ஜார்ஜ் ஃபோர்மனை ஆப்பிரிக்காவில் கின்ஷாஸா நகரில் சந்தித்தபோது, முதற்சுற்றுக்குப் பிறகு ஆடுவதை விட்டுவிட்டுக் கயிற்றில் சாய்ந்துகொண்டார். ஃபோர்மன் அடித்தார், அடித்தார், கை ஓய்ந்தது. எட்டாவது சுற்றில் அலி அவரை வீழ்த்தினார். கால் போன இடத்தில் புத்தி வந்து நின்றது. ஆனால் கால் செய்யவேண்டிய வேலையை உடம்பு செய்தால், அதற்கு உடம்பு வட்டியோடு விலை கொடுக்கவேண்டி வரும்.

அந்த வட்டி ஏறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவர் சென்னைக்கு வந்தார். 1980-ஆம் ஆண்டின் தொடக்கம். அப்போதுதான் முப்பத்தெட்டு வயது நிறைந்திருந்தது. முந்திய வருஷம் ஓய்வு அறிவித்திருந்தார். பெரியமேட்டு ஓரத்தில் இருந்த பழைய நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று வழங்கிய காலத்தில், 1956-இல் நியூஜிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் எடுத்த மைதானம். கிரிக்கெட்டுக்காக அதற்குள் காலெடுத்து வைத்த தென்சென்னைக்காரர்களுக்கு, கூப்பிடு தூரத்தில் கண்ணப்பர் திடல் என்று ஒன்று இருந்ததும், அங்கே நடந்ததும் தெரியாது. அலியின் வரவில்தான் இரண்டு சென்னையும் ஒரே வாயிலில் நுழைந்தன. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கம்பும் கத்தியும் பழகி வெள்ளித்திரையில் சண்டையிட்டே ஜனங்களால் 'வாத்தியார்' என்று அழைக்கப்பட்டவர் அவர். வடசென்னையில் குத்துச்சண்டை கற்பிக்கிறவருக்கும் பெயர் வாத்தியார்தான் என்பது யதேச்சையான பொருத்தமன்று. சிலம்பத்தில் முதல் பாடம் கம்பைத் தொடுவதன்று, காலடி வைப்பது. வித்தையை அந்த வரிசையில் கற்பிக்கிறவன் எவனோ அவன் வாத்தியார். அடுத்த சில வாரங்களில், பிப்ரவரி 17-ஆம் தேதி, எம்.ஜி.ஆருடைய சர்க்கார் டிஸ்மிஸ் ஆயிற்று. அந்த மைதானத்தில் அமர்ந்திருந்தபோது அவர் மனத்தில் எந்தச் சண்டை ஓடிக்கொண்டிருந்ததோ.

அலிக்கு எதிரே மேடையில் நின்றவர் ஜிம்மி எல்லிஸ். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் கதை தெரியும்? இருவரும் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்துப் பிள்ளைகள். சிறுவயதில் இரண்டு தடவை மோதி ஆளுக்கொன்று ஜயித்தவர்கள். அலியின் பட்டம் பறிபோன சமயத்தில் நடந்த தேர்வுப் போட்டிகளில் வென்று, 1968-இல் உலகப் பட்டத்தின் ஒரு பாதியைப் பெற்றவர் எல்லிஸ். 1970-இல் ஃபிரேஸியரிடம் அதை இழந்தார். 1971 ஜூலையில் ஹூஸ்டனில் அலியும் அவரும் மோதியபோது, இருவருக்கும் பயிற்சியாளரான ஏஞ்சலோ டண்டி எந்த மூலையில் நிற்பது என்று சங்கடம் வந்தது. தாமே மானேஜராகவும் இருந்தபடியால் எல்லிஸ் மூலையிலேயே நின்றார், பன்னிரண்டாவது சுற்றில் அலி ஜயித்தார். ஒரே வாத்தியாரின் இரண்டு சிஷ்யர்கள்! ராயபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் வேறு விளக்கம் வேண்டியிருக்காது. 1975-இல் பயிற்சியின்போது பட்ட அடியில் இடக்கண் பார்வை குன்றி எல்லிஸ் ஓய்வு பெற்றார்.

ஆக, அன்று சென்னை ஜனங்கள் கண்டது, உலகிலேயே வேகமானவை என்று பெயர் பெற்ற கால்களை உடையவரை, அந்தக் கால்கள் ஓய்ந்த பிறகு. அவருக்கு எதிரே, ஒரு கண் மங்கிய, நாற்பதை நெருங்கிய பால்ய சிநேகிதரை. இதே பயணத்தில் டில்லியில் அலியோடு மேடையேறிய ராணுவ வீரர் கௌர் சிங், இரண்டு வருஷம் கழித்து ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். அலியோ, இந்தியாவிலிருந்தபடியே அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் அனுப்பிய தூதாக, மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் பகிஷ்கரிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளைக் கேட்கப் புறப்பட்டுப்போனார். அந்தத் தூது பலிக்கவில்லை. அக்டோபர் 2-ஆம் தேதி மறுபடியும் பட்டத்துக்காக மேடையேறி, முன்னாளில் தம்மோடு பயிற்சிச் சண்டைக்கு நின்ற லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடி வாங்கினார். டண்டிதான் போதும் என்று நிறுத்தினார். ஓய்வுக்கும் அந்த விபரீதத்துக்கும் இடையில் கிடைத்த சொற்ப இடைவெளியில் நாம் அவரைப் பார்த்திருக்கிறோம். எல்லிஸ் 2014-லும் அலி 2016-லும், தலையில் வாங்கிய அடிகளின் நிழல் நினைவிலும் நடுக்கத்திலும் படிந்த நிலையிலேயே காலமானார்கள்.

பரம்பரைச் சண்டைகளும் அந்தக் காலத்தை ஒட்டியே அருகிப்போயின. தோற்ற கட்சி ரசிகர்கள் திடலுக்கு வெளியே கணக்குத் தீர்க்கத் தொடங்கினால், போலீஸ் அனுமதி எத்தனை நாளைக்குக் கிடைக்கும்? பிள்ளைகள் சங்கப் போட்டிகளுக்குப் போனார்கள். தலைக்கவசமும் புள்ளிக்கணக்கும் வந்தன. அந்த வழியில் சென்னையின் வி. தேவராஜன் 1995-ஆம் வருஷத்து அர்ஜுனா விருதுவரை போனார். சுவரொட்டிகள் மறைந்தன. 2021 ஜூலையில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்தபோதுதான், தொற்றுநோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் இருந்த பெசன்ட் நகர், அடுத்த பேட்டையின் சரித்திரத்தைத் தன் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. அதில் கதாநாயகன் பலசாலி. எதிராளிகளில் ஒருவன் டான்ஸிங் ரோஸ், மேடையில் நிற்காமல் நடனமாடுகிறவன். கதையின்படி ரோஸ் தோற்றுப்போகிறான். மறுநாள் காலை கடற்கரையில், என் காதில் விழுந்த பேச்செல்லாம் ரோஸைப் பற்றித்தான். ஜயித்தவன் பெயரைச் சொல்லி ஒருவரும் கையைக் காலை ஆட்டிக் காட்டவில்லை. அறுபது வயதைக் கடந்த ஒரு வங்கி அதிகாரி, நடைபாதையிலேயே பக்கவாட்டில் இரண்டு அடி துள்ளிக் காட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

சென்ற வாரம் அந்த மணல்மேடைக்கு ஒரு புதுப்பெண் வந்திருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். கை நன்றாக வீசுகிறாள். எதிரே நின்ற பையன் இரண்டு தடவை பின்னுக்குப் போனான். எங்களில் சிலர் கைதட்டினோம். பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து தடத்தைப் பார்த்தார். வலப்பாதம் நகரும்போது தூக்காமல் இழுத்திருக்கிறாள், மணலில் கோடு கிழிந்திருந்தது. கையுறையைக் கழற்றச் சொன்னார். அவளை அலை வந்து தொடும் விளிம்புக்கு அழைத்துப்போய், கணுக்கால் அளவு தண்ணீரில் நிறுத்தி, அலை திரும்பும்போது காலடியில் மணல் கரைவதற்குள் இடம் மாறவேண்டும் என்று சொல்லிவிட்டு, தாம் கரையில் நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த அலையைப் பார்த்து நின்றாள்.